முதுகுக்குப் பின்னால் பூநாரைகள்

முன்வரிசையில், அதுவும் நட்டநடுவில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். நுழையும்போதே கதவோரத்து நாற்காலி ஒன்றை யூனிஸ் கண்ணால் பிடித்து வைத்திருந்தாள். வேண்டாம் என்று பட்டால் சத்தமில்லாமல் எழுந்து படியிறங்கிவிடலாம், கீழே துணிக்கடை, அதைத் தாண்டினால் பேருந்து நிறுத்தம், யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. ஆனால் திரைப்படக் கழகத்தை நடத்தும் வரதன், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். "அதெப்படி மேடம், இந்தப் படத்துக்கு வாசிச்சவங்கள்ல எங்களுக்குக் கிடைச்சது நீங்க ஒருத்தர்தான். உங்களைப் போய்ப் பின்னாடி உக்கார விடுவோமா?" என்று அழைத்து வந்து உட்கார்த்தி, திரும்பி நின்று, "நம்ம படத்தோட வயலின் ஆர்ட்டிஸ்ட்" என்று கூட்டத்துக்குக் காட்டினார். "வயோலா" என்றாள் அவள். "அதான், அதான்" என்றார் வரதன். ஒரு காலத்தில் வயலினுக்கு அக்கா என்று விளக்கம் சொல்வாள், உடம்பு கொஞ்சம் பெருத்த அக்கா, குரல் கொஞ்சம் கட்டிப்போன அக்கா, தங்கச்சிக்கு நல்ல இடத்தில் கல்யாணமாகிப் பெயரும் புகழுமாய் இருக்க, சமையல்கட்டில் நிற்கிற அக்கா. கேட்பவர்கள் சிரிப்பார்கள். இன்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முற்பகல், முப்பது நாற்பது பேர் இருப்பார்கள், பின்னால் மேசையில் எடுத்து வைத்திருந்த வடையின் எண்ணெய் வாசனையும், பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிவந்த தன் புடவையின் பாச்சை உருண்டை வாசனையும் குளிர்சாதனக் காற்றில் கலந்து மூக்கில் ஏறின. முழங்கால் கனத்தது. படம் அரைமணி நேரத்துக்கும் குறைவுதான், அதுகூடவா இருக்க முடியாது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நாற்பது வருஷத்துக்கு மேல் இதைப் பார்க்காமல் இருக்க முடிந்ததே, அதைவிடவா இது கஷ்டம்.

விளக்கை அணைத்தார்கள். திரை வெளுத்தது, கீறல்கள் மழைபோல் ஓடின, எழுத்துகள் வந்தன: கோடியக்கரையின் விருந்தினர்கள், ஒளிப்பதிவு இன்னார், வர்ணனை இன்னார், இசை கருணாகரன். அவ்வளவுதான், அடுத்த எழுத்து வந்துவிட்டது. தன் பெயர் இருக்காது என்று தெரியும், எந்தப் படத்திலும் இருந்ததில்லை, ஆனாலும் கண் அந்த இடத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்று பார்த்துவிட்டு வந்தது, அதன் புத்தி அது. உப்பங்கழி, சாம்பல் நிறத் தண்ணீர், தொலைவில் வெள்ளையாய் ஒரு கோடு, அந்தக் கோடு மெதுவாக அசைந்து பறவைகளாகப் பிரிந்தது. இதுதானா. இதற்குத்தானா வாசித்தோம். பறவைப் படம் என்று மாஸ்டர் கருணாகரன் சொன்னது ஞாபகமிருக்கிறது, என்ன பறவை என்று யாரும் கேட்கவில்லை, கேட்கிற வழக்கமும் கிடையாது. காலையில் ஒரு சினிமாவின் சண்டைக்காட்சி, மத்தியானம் சிமெண்ட் விளம்பரம், நடுவில் கிடைத்த கால்ஷீட்டில் இது. ஒலிப்பதிவுக் கூடத்தில் திரை எப்போதும் வாத்தியக்காரர்களுக்கு முதுகுப்பக்கம்தான் இருக்கும். மாஸ்டர் மட்டும் திரையைப் பார்த்து நிற்பார், அவர்கள் மாஸ்டரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், படம் பின்னால் ஓடும். அழுகிறார்களா, செத்துப்போகிறார்களா, தண்டவாளத்தில் யாராவது தலையை வைத்திருக்கிறார்களா, அவள் அறிந்ததில்லை. அவளுக்குப் படம் என்பது நோட்ஸ் தாளின் மேல் விழுந்து நெளிகிற வெளிச்சம். வெளிச்சம் பிரகாசமானால் பகல் காட்சி, மங்கினால் இரவு, அவ்வளவு. எத்தனை பேர் சாவுக்கு வாசித்திருப்பாள், ஒருவர் முகமும் தெரியாது. வயலின்கள் முன்னால், வயோலாக்கள் அவர்களுக்குப் பின்னால், திரைக்கு மிக அருகில் அவளுடைய நாற்காலி. புல்லாங்குழலுக்கு மட்டும் தனியிடம், சன்னமான வாத்தியம், மற்றச் சத்தம் மேலே விழுந்துவிடக்கூடாது என்று மாஸ்டருக்குப் பக்கத்தில் பலகைத் தட்டி அடித்து, முன்பக்கம் கண்ணாடி வைத்து, அதற்குள் அமிர்தலிங்கத்தை உட்கார வைப்பார்கள். அங்கிருந்து அவர் மாஸ்டரின் கையையும் பார்க்கலாம், வாத்தியக்காரர்கள் எல்லோரையும் பார்க்கலாம். அவளையும் பார்க்கலாம். இங்கே வந்து நின்றுவிடுகிறது மனசு, எப்போதும் இந்த இடத்தில்தான், இதற்கு மேல் ஒரு அடி வைக்கச் சொன்னால் சண்டி மாடு மாதிரி நின்றுவிடும்.

குழல் ஆரம்பித்துவிட்டது. அமிர்தலிங்கம். போன வருஷம் மாலையும் ரோஜாத் தண்ணீருமாக வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்த மனிதர், இதோ மூச்சை உள்ளே இழுக்கிறார், அந்த இழுப்பின் சத்தம்கூடக் கேட்கிறது, ஊதுகிறார், பறவைகள் சேற்றில் கழுத்தை வளைத்துத் தலைகீழாய் மேய்கின்றன. "அலகை நீரில் கவிழ்த்து வைத்து வடிகட்டி உண்ணும் இப்பறவைகள்" என்கிறது வர்ணனைக் குரல், அந்தக் காலத்துச் செய்தி வாசிப்பவரின் கஞ்சி போட்ட குரல். பேசாதேயேன் சற்று, அவர் ஊதட்டுமே. அன்றைக்கும் இப்படித்தான் மளமளவென்று எல்லாம் பதிவாகி முடிந்து, கடைசிப் பகுதி மட்டும் பாக்கியிருந்தது. மாஸ்டர் ஒரு தாளை நீட்டி, "யூனிஸ், இதுல நீங்க மட்டும்தான். சோலோ. எட்டு பார் கழிச்சு அமிர்தம் வந்து உங்களோட சேர்ந்துக்குவார்" என்றார். வயோலாவுக்கு சோலோவா என்று முன்வரிசை வயலின்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "அக்காவுக்கு வரன் வந்துருச்சுடா" என்றார் இன்னொருவர், கூடமே சிரித்தது, அவளும் சிரித்தாள், கை மட்டும் நடுங்கியது. ஒரு மானிட்டர் பார்த்தார்கள், சரியாக வந்தது, குழல் எட்டு பார், எட்டுத் தாளச் சுற்று, கழித்து வந்து சேர்ந்துகொண்டது, படம் போடாமல் பார்த்த ஒத்திகை அது. பிறகு டேக். பின்னால் புரொஜெக்டர் ஓடத் தொடங்கியது, தாளில் வெளிச்சம் விழுந்தது, அடிக்கம்பியில் வில்லை வைத்தாள். எட்டு பார் முடிந்தது. குழல் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமிர்தலிங்கம் குழலை உதட்டில் வைத்தபடி இருந்தார், ஊதவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. இமைக்கவேயில்லை. அவளுக்குத் தாளில் அதற்கு மேல் நீண்ட சுரங்கள்தான் எழுதியிருந்தன, குழலுக்குத் தாங்கலாக எழுதியவை, அதையே வாசித்துக்கொண்டு போனாள், நிறுத்துவாரோ என்று மாஸ்டரைப் பார்த்தாள், மாஸ்டரின் கை அசைந்துகொண்டேயிருந்தது. தனியாகவே கடைசிவரை வாசித்தாள். அவ்வளவு நேரமும் அந்தக் கண்கள் அவளைவிட்டு நகரவில்லை. அப்பா போனபிறகு யாரும் தன்னை அப்படிப் பார்த்ததில்லை, அப்பாகூட அப்படிப் பார்த்ததில்லை, முப்பதைத் தொடாத வயது, ஒரு மனுஷன் அழுகிற அளவுக்கு அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். டேக் ஓகே என்றார் மாஸ்டர். வெளியே டீ குடிக்கிற இடத்தில், "ஏன் சார் வரலை? நான் எங்கயாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். அமிர்தலிங்கம் டீயை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டு, "நீங்க வாசிச்சுக்கிட்டிருந்தீங்க. நடுவுல நான் எதுக்கு?" என்றார். வேறு என்ன சொல்ல வேண்டும்.

அதை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிட்டாள், சொன்னால் சிரிப்பார்கள், சொன்னதில்லை. அவருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள், அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை, கெட்ட நினைப்பு ஒன்றும் இல்லை, ஆண்டவருக்குத் தெரியும். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையும்போது கண்ணாடிக்குள் அவர் இருக்கிறாரா என்று ஒரு பார்வை, இருந்தால் அன்றைக்கு நன்றாக வாசிப்பாள், அது போதுமாயிருந்தது. சாயர்புரத்து வாத்தியார் ஒருவர், நல்ல மனுஷன், முதல் மனைவி தவறியவர், அவருக்குக் கேட்டு வந்தபோது தங்கை ஜெமிமா பாளையங்கோட்டையிலிருந்து ரயிலேறி வந்து உட்கார்ந்துவிட்டாள். "எக்கா, உனக்கென்ன கிறுக்கா? அவுகளுக்கு என்ன கொறச்சல்? இந்தப் பெட்டியத் தூக்கிட்டு ஸ்டுடியோ ஸ்டுடியோவா அலையதுக்கா பொறந்த? கடைசி காலத்துல ஒரு வாய் கஞ்சி வைக்க ஆள் வேண்டாமா?" "எனக்குத் தோணலடீ." "என்ன தோணல?" என்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது, பார்த்துவிட்டாரென்றால் என்ன, பார்த்தால் ஆயிற்றா, அடி பைத்தியக்காரி என்பாள். வாத்தியார் அடுத்த தெருவிலேயே வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார், பேரன் பேத்தி எடுத்தார் என்று கேள்வி. வருத்தமில்லை. வருத்தம் இல்லாமலும் இல்லை, சாயங்காலம் மணி அடிக்கிற நேரத்தில் சில நாள். ஒரே ஒரு பயம்தான் இத்தனை வருஷமும் கூடவே குடியிருந்தது. வயோலாக்கள் கடைசி வரிசை. அவள் நாற்காலிக்குப் பின்னால் திரை. அவளைப் பார்க்கிறவர் கண்ணும் திரையைப் பார்க்கிறவர் கண்ணும் ஒரே பக்கம்தான் திரும்பியிருக்கும். இது முதன்முதலில் தோன்றியபோது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினாள். அப்புறம் எப்போது வந்தாலும் முகம் கழுவுவாள், துணி மடிப்பாள், யாருக்காவது போன் செய்வாள். தொலைக்காட்சியில் ஒருமுறை இந்தப் படத்தைப் போட்டபோது, எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொண்டாள், எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும் அந்தக் குழல் கேட்டது. அவரிடமே கேட்டிருக்கலாம். எத்தனை ஒலிப்பதிவு, எத்தனை டீ, ஒருநாள் நாக்கு நுனிவரை வந்ததை, "பனங்கிழங்கு கொண்டு வந்திருக்கேன் சார்" என்று மாற்றிச் சொன்னாள். போன வருஷம் சாவு வீட்டில் அவர் மனைவி அவளை அணைத்துக்கொண்டு, "நீங்கதானா யூனிஸ்? உங்களைப் பத்தி நிறையச் சொல்வாரு" என்றபோது, உள்ளே என்னவோ ஒன்று எழுந்து நின்றது. "பனங்கிழங்கு கொண்டாந்து குடுப்பீங்களாமே. அந்தப் பொண்ணு ஊருக்குப் போனா நமக்கு நல்ல கிழங்குன்னு சொல்லிச் சிரிப்பாரு." எழுந்து நின்றது உட்கார்ந்துவிட்டது. வீடு வந்தும் அழவில்லை. கேட்க இனி ஆளில்லை என்று மட்டும் தெரிந்தது, படம்தான் பாக்கி. அதனால்தான் வரதன் போனில் கூப்பிட்டபோது, வருகிறேன் என்ற சொல் அவளைக் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது. இப்போது எழுந்துகொண்டால்கூட நேரமிருக்கிறது. முழங்கால் வலி என்று சொல்லலாம். பொய்யுமில்லை.

பறவைகள் கூட்டமாக எழுந்தன. எழுந்தபோது இறக்கைக்கு அடியில் அத்தனை சிவப்பு இருந்ததென்று அவளுக்குத் தெரியாது, திரையே பற்றிக்கொண்ட மாதிரி, வயலின்கள் எல்லாம் ஓடின, அந்த ஓட்டம் கைக்கு ஞாபகம் இருந்தது, மடியில் கிடந்த இடதுகை விரல்கள் தாமாகவே புடவையை அழுத்தின. விரல்நுனிக் காய்ப்பு போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, குழந்தை விரல்போல மெத்தென்று இருக்கிறது, அழுத்தினால் வலிக்கிறது. "பங்குனி மாத முடிவில் கட்ச் வளைகுடாவை நோக்கி இவை புறப்படுகின்றன" என்றது குரல், அதோடு ஓய்ந்தது. வானம் காலியானது. தண்ணீர் காலியானது. தண்ணீரில் ஒன்று மட்டும் நின்றது. ஒரு இறக்கை சரிந்து தொங்க, நீண்ட காலை எடுத்து வைத்து, எடுத்து வைத்து, போனவை போன திசையிலேயே நடந்துகொண்டிருந்தது. வயோலா. கடவுளே, இது நானா. இவ்வளவு கனமாகவா இருந்தது, இவ்வளவு பொறுமையாகவா வாசித்தேன், கை நடுங்கியது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன், நடுக்கமே இல்லையே. வில் திரும்புகிற இடம்கூடத் தெரியவில்லை. அந்தப் பறவையின் நடைக்கென்றே எழுதி, அந்தப் பறவையைப் பார்த்தே வாசித்த மாதிரி இருந்தது, பார்க்காமல் வாசித்தது. எட்டு பார் அவள் எண்ணவில்லை, உடம்பு எண்ணியது. எட்டாவது முடிகிற இடத்தில் பறவை நின்றது. கழுத்தை நீட்டியது. வானத்தைப் பார்த்து அலகைத் திறந்து கூப்பிட்டது. சத்தமில்லை. படம்பிடிக்கிறபோது ஒலி எடுக்காத காலம் அது, அலகு திறக்கிறது, தொண்டை துடிக்கிறது, குரல் மட்டும் கிடையாது. மறுபடியும் கூப்பிட்டது. அந்த இடத்தில்தான் குழல் வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அது பறவையின் குரலாகப் போயிருக்கும், அத்தனை இனிமையான பொய்யாக. எந்த வாத்தியக்காரனுக்கும் ஊதத்தான் தோன்றும். அமிர்தலிங்கம் உதட்டில் வைத்த குழலை ஊதாமல் வைத்துக்கொண்டு, ஓ.

ஓ, அதுவா. அவளுக்கு ஒன்றும் உடையவில்லை. எதுவோ உடையும் என்று இத்தனை வருஷம் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள், சத்தமே இல்லை, திரையில் அந்தப் பறவைக்கு இல்லாதது போல. ஆனாலும் மனசு விடவில்லை, நைந்த நூலைப் பிடித்துத் தொங்கியது, இரண்டையும் பார்த்திருக்கலாமே, பறவையையும் பார்த்து நடுவில் ஒரு கணம் உன்னையும், ஏன் கூடாது, எப்படித் தெரியும் உனக்கு, யார் சொன்னார்கள். தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது. யோசித்துச் செய்யவில்லை. நாற்காலியின் பிடியைப் பற்றி, முழங்கால் கெஞ்சக் கெஞ்ச அரைகுறையாக எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். வாழ்நாளெல்லாம் உட்கார்ந்த திசை. இருட்டில் வரிசை வரிசையாக முகங்கள், மேலே திரையின் சாம்பல் வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்றாமல் வந்திருந்த ஒரு இளைஞன், வாய் லேசாகத் திறந்தபடி. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்ட ஒரு பெண். வடைத் தட்டைப் பிடித்தபடி வரதன். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்கள் நிறைந்திருந்தன. இமைக்கவேயில்லை. அதே பார்வை, அச்சு அசல், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த அதே பார்வை, ஒருவர் முகத்தில் இருந்ததை எடுத்து இத்தனை பேர் முகத்திலும் வைத்த மாதிரி, அவளுடைய தோளைத் தாண்டி, காதோரமாக, தலைக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருவருக்கும் அவள் அங்கே இருப்பது தெரியவில்லை. வயோலா வாசித்துக்கொண்டிருந்தது. எத்தனை ஆயிரம் மணிநேரம் வாசித்திருப்பாள், கேட்கிறவர் முகம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை, ஒலிவாங்கிக்கு ஏது முகம். இப்போது பார்த்தாள். நீண்ட சுரத்தில் வில் இறங்கும்போது அந்த இளைஞனின் தொண்டை ஏறி இறங்கியது, அடுத்த சுரத்தில் பை வைத்திருந்த பெண் உதட்டைக் கடித்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள், இவர்களும் அமிர்தலிங்கமும் அந்தப் பக்கம், அவளும் பறவையும் இந்தப் பக்கம்.

"அம்மா, மறைக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கோபமில்லை, கொட்டகையில் யாரும் யாருக்கும் சொல்கிற குரல்தான். "கொஞ்சம் குனிஞ்சுக்குங்கம்மா."

"மன்னிச்சுக்குங்க" என்றாள் யூனிஸ். திரும்பி உட்கார்ந்தாள். அப்போதும் தன் தலையின் நிழல் திரையின் கீழோரத்தில், அந்தத் தண்ணீரில் விழுந்துகொண்டிருப்பதைப் பார்த்து, எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று, இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.